ஸ்பூன்ல இருந்து சொட்டணும், ஓடக்கூடாது

எங்க வீட்ல ரெண்டு வருஷமா தினமும் மூணு நாலு தடவை மிக்சி ஓடுது, சட்னிக்கு இல்ல, குடிக்கறதுக்கு. நிறைய பேர் ஸ்மூத்தி, மில்க் ஷேக், டீடாக்ஸ் ஜூஸ்னு எழுதறாங்க, அதெல்லாம் படிக்க நல்லா இருக்கு, ஆனா வீட்ல ஒருத்தருக்கு முழுங்கறதே கஷ்டமா இருந்தா அவருக்கு எப்படி ஜூஸ் போடறதுன்னு தமிழ்ல தேடினப்ப எனக்கு ஒண்ணுமே சரியா கிடைக்கல, அதனால நான் கத்துக்கிட்டத நானே எழுதிடலாம்னு தோணுச்சு. இதுல பாதி சாதாரணமா வீட்ல ஜூஸ் போடறவங்களுக்கும் உதவும்.

மாமாவுக்கு சந்தூர் பக்கம் மாந்தோப்பு. என் வீட்டுக்காரரோட அப்பா அவர். சந்தூர்னா எங்க கிருஷ்ணகிரி மாவட்டத்துல மாங்கன்னுக்கு பேர் போன ஊர், ஒட்டு கட்டற நர்சரி அங்க தெருவுக்கு தெரு இருக்கும். மாமாவும் வயசுல ஒட்டு கட்டினவர் தான். ரெண்டு வருஷம் முன்னாடி மாசி மாசம், தோப்புல பூ நல்லா புடிச்சு பிஞ்சு விட ஆரம்பிச்ச நேரம், காலைல பல்லு வெளக்கிட்டு இருந்தவருக்கு வாய் ஒரு பக்கமா கோணிக்கிச்சு, வலது கைய தூக்க முடியல, பேச்சு குழறுது. அத்தை உடனே கத்தி கூப்பிட்டதால வண்டி வெச்சு நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு கொண்டு போயிட்டோம், ரத்தக்கட்டு அடைச்சு வர்ற பக்கவாதத்துக்கு நாலரை மணி நேரத்துக்குள்ள போனா தான் கட்டிய கரைக்கற ஊசி போட முடியும்னு அங்க போனப்புறம் தான் எங்களுக்கே தெரியும், தயவு செஞ்சு இத எல்லாரும் ஞாபகம் வெச்சுக்கங்க. உயிருக்கு ஒண்ணும் ஆகல. கை கால் கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சு. ஆனா முழுங்கறது வரல.

மொதல்ல மூக்கு வழியா டியூப் போட்டு தான் சாப்பாடு. அத எடுத்தப்புறம் அத்தை பாசத்துல ஒரு டம்ளர் தண்ணி கொண்டு வந்தாங்க, அங்க இருந்த ஸ்பீச் தெரபிஸ்ட் ஓடி வந்து தடுத்தாங்க. பேச்சு பயிற்சி குடுக்கறவங்க தான் முழுங்கற பயிற்சியும் குடுக்கறாங்க, எனக்கு அதுவே புதுசு. அவங்க சொன்னது, எங்களுக்கு எது ரொம்ப லேசான பொருளோ அது தான் மாமாவுக்கு ரொம்ப ஆபத்து, தண்ணி. தண்ணி தொண்டைல சட்டுனு ஓடிடும், மூச்சுக்குழாய் மூடறதுக்குள்ள உள்ள போயிடும், நுரையீரல்ல போய் சேர்ந்தா நிமோனியா வரும், சில பேருக்கு இருமல் கூட வராம சத்தமே இல்லாம போகும். அதனால குடிக்கறது எல்லாமே கெட்டியா இருக்கணும், மெதுவா இறங்கணும். அதே சமயம் களி மாதிரி ஒட்டவும் கூடாது, தொண்டைல நின்னுக்கும். ஒரே மாதிரி மழமழன்னு இருக்கணும், நார் கூடாது, விதை கூடாது, திப்பி கூடாது, மேல தண்ணி அடில சக்கைன்னு பிரியவே கூடாது.

வாழ்நாள் முழுக்க காலைல கேவுரு, அதான் கேழ்வரகு, களியும் கூழும் சாப்பிட்டு தோப்புக்கு போன மனுஷன் அவர். களிய விரல்ல பிச்சு மெல்லாம முழுங்கறது தான் எங்க ஊர் வழக்கம். அவருக்கு போய் முழுங்க கத்துக்குடுக்கணும்னு ஆயிடுச்சு.

தண்ணிய கெட்டியாக்கறதுக்குன்னே பவுடர் விக்கறாங்க, தண்ணிக்கும் மாத்திரைக்கும் இப்பவும் அது தான், ஆனா எல்லாத்துக்கும் அதையே போட்டா எங்களுக்கு கட்டுப்படியாகல. அதுவும் இல்லாம மாமா அந்த தண்ணிய ரெண்டு வாய் குடிச்சிட்டு முகத்த திருப்பிக்குவார். அப்ப தான் வேற வழி யோசிச்சேன், பழமும் கேவுரும் வாழைப்பழமும் தானாவே கெட்டி தானே, அத சரியான பதத்துல அரைச்சா போதுமேன்னு.

நான் மொதல்ல செஞ்ச தப்பு, ஆன்லைன்ல சார்ஜ் போட்டு பாட்டில் மாதிரி இருக்கற சின்ன பிளெண்டர் ஒண்ணு வாங்கினது. போட்டோல பாக்க அழகா இருந்துச்சு, கட்டில் பக்கத்துலயே வெச்சு அடிச்சு குடுத்துடலாம்னு நெனச்சேன். வாழைப்பழம் பாலுக்கு ஓடுச்சு. பேரீச்சம்பழம் போட்டா பிளேடு நின்னுடுது, மாம்பழம் போட்டா துண்டு துண்டா நிக்குது, ஒரு மாசத்துல சார்ஜும் நிக்கல. திருப்பி அனுப்ப கேட்டா நாள் தாண்டிடுச்சுன்னுட்டாங்க. அப்புறம் பரண்ல இருந்த பழைய மிக்சிய தான் இறக்கினேன். அது அத்தைக்கு வந்த விலையில்லா மிக்சி, 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள்ல ஜெயலலிதா அம்மா ஆரம்பிச்ச மிக்சி, கிரைண்டர், ஃபேன் திட்டம் ஞாபகம் இருக்கும்ல, அதுல வந்தது. பழையபேட்டைல ஒரு ரிப்பேர் கடைக்காரர் கிட்ட குடுத்து கார்பன் மாத்தி, கப்ளர் மாத்தி, கூட மூடி போட்ட ஒரு பெரிய ஜூஸ் ஜாரும் அதுக்கு பொருந்தற மாதிரி வாங்கிட்டு வந்தேன்.

அந்த அண்ணன் தான் எனக்கு மிக்சிய பத்தி பாதி விஷயம் சொல்லிக் குடுத்தவர். நானா தேடி படிச்சதும் கொஞ்சம். பிளெண்டர் பொறந்ததே குடிக்கறதுக்கு தானாம், அமெரிக்காவுல ஸ்டீபன் போப்லாவ்ஸ்கின்னு ஒருத்தர் 1922லயே பாத்திரத்தோட அடில பிளேடு வெச்சு சுத்த விட்டது மால்ட் கலந்த பால் அடிக்க. நம்ம மிக்சி பொறந்தது வேற காரணத்துக்கு. 1963ல பம்பாய்ல மாத்தூர்னு ஒரு இன்ஜினியர், அவர் வீட்டம்மா வெச்சிருந்த வெளிநாட்டு மிக்சர் நம்ம ஊர் அரைப்புக்கு தாங்காம போனதால, அதுக்கு தாங்கற மாதிரி செஞ்சது தான் சுமீத் மிக்சி. அதாவது அது குடிக்க, இது அரைக்க. இந்த வித்தியாசம் புரிஞ்சா எந்த ஜார்ல எத போடணும்னு தானா புரியும். சட்னி ஜார் குட்டையா இருக்கும், கெட்டியான பொருள பிளேடு மேலயே வெச்சு நசுக்கறதுக்கு. ஜூஸ் ஜார் உயரமா இருக்கும், உள்பக்கம் சுவத்துல நெடுக்க வரி வரியா புடைச்சிருக்கும் பாருங்க, அது அழகுக்கு இல்ல, ஜூஸ் சும்மா வட்டமா சுத்திட்டே இருக்காம அதுல மோதி திரும்பி பிளேடுக்கு வர்றதுக்கு. அந்த வரி இல்லாத ஜார்ல நிறைய தண்ணி ஊத்தி அடிச்சா நடுவுல குழி விழுந்து பழத்துண்டு ஓரமாவே சுத்தும், அஞ்சு நிமிஷம் ஓடினாலும் துண்டு துண்டாவே இருக்கும்.

அதனால நான் ரெண்டு தடவையா அரைப்பேன். மொதல்ல சின்ன ஜார்ல பழத்த மட்டும், தண்ணி ரெண்டு ஸ்பூன், நல்லா விழுதாக்கிட்டு அப்புறம் பெரிய ஜாருக்கு மாத்தி பாலோ தண்ணியோ ஊத்தி ஒரு சுத்து. அடிக்கும்போது திடீர்னு சத்தம் மாறி வீல்னு கத்துச்சுன்னா பிளேட சுத்தி காத்து அடைச்சிக்கிச்சுன்னு அர்த்தம், பொருள் பிளேட தொடவே இல்ல, சும்மா சுத்துது. நிறுத்தி, ஜார எடுத்து ஒரு தட்டு தட்டி, ஒரு ஸ்பூன் தண்ணி விட்டு மறுபடி போடணும். அப்படியே விட்டா மோட்டார் சூடு தான் ஏறும். நின்னு போச்சுன்னா பயப்படாதீங்க, அடில சிவப்பா ஒரு பட்டன் இருக்கும், லோடு தாங்காம தானா அணைஞ்சிருக்கும், பத்து நிமிஷம் ஆற விட்டு அத அமுக்கினா ஓடும். நான் ஒரு நிமிஷத்துக்கு மேல தொடர்ந்து ஓட்டறதே இல்ல.

ஒரு நாள் கேவுரு பால் எடுத்துட்டு இருந்தேன். வெள்ளையா இருக்கற பால்ல மெல்லிசா ஒரு கருப்பு கோடு. மொதல்ல முடின்னு நெனச்சு ஸ்பூன்ல எடுத்தேன், விரல்ல வெச்சு தேச்சா பிசுபிசுன்னு ஒட்டுது, எண்ணெய். ஜார கவுத்து பாத்தா அடில கப்ளர சுத்தி கருப்பா ஈரம். ஜார் அடில பிளேடு தண்டு சுத்தற புஷ் தேஞ்சு போச்சு, அதுல இருக்கற கிரீஸ் மேல ஏறி வந்து நாம குடிக்கறதுல கலக்குது. ரிப்பேர் கடை அண்ணன் சொன்னார், நிறைய வீட்ல தேங்கா சட்னில இது தெரியாமயே சாப்பிட்டுட்டு இருப்பாங்கன்னு. வெள்ளை பொருள் அரைக்கும்போது தான் கண்ணுக்கு தெரியும். எல்லாரும் இன்னிக்கே ஜார்ல பாதி தண்ணி ஊத்தி ஒரு வெள்ளை தட்டு மேல பத்து நிமிஷம் வெச்சு பாருங்க, கருப்பா சொட்டினா புஷ் மாத்துங்க, செலவு பெருசா ஆகாது.

கேவுரு பால் தான் எங்க வீட்டு முக்கியமான குடி. மாவுல காய்ச்சறது வேற, முழு கேவுரு ஊற வெச்சு பால் எடுத்து காய்ச்சறது வேற, மாவுல உமி திப்பி இருக்கும், மாமாவுக்கு அது தொண்டைல உறுத்தி இருமல் வரும். ராத்திரி கேவுர நாலு தண்ணி கழுவி, கல்லு அரிச்சு ஊற வெச்சிடுவேன், காலைல சின்ன ஜார்ல கொஞ்சமா தண்ணி தெளிச்சு அரைக்கணும், நிறைய தண்ணி விட்டா அந்த சின்ன மணி பிளேடுக்கு மாட்டாம ஓடிட்டே இருக்கும். நல்லா பசை மாதிரி ஆனதும் தண்ணி விட்டு ஒரு சுத்து, பழைய வேட்டி துணில வடிகட்டு, சக்கைய மறுபடி ஜார்ல போட்டு தண்ணி விட்டு ரெண்டாம் பால். துணிய முறுக்கி பிழியும்போது கைல அந்த பால் வழவழன்னு ஒரு பட்டு மாதிரி இருக்கும், அந்த வாசனை, நெல்லு வயல் வாசனை மாதிரியும் இல்ல, மண்ணு நனைஞ்ச மாதிரியும் இல்ல, கேவுருக்குன்னு ஒரு வாசனை. அத அடி கனமான பாத்திரத்துல ஊத்தி சிறு தீல கிளறிட்டே இருக்கணும், மாவு அடில தங்கும், கைய எடுத்தா கட்டி. பச்சை நிறம் மாறி பளபளன்னு வந்தா இறக்கலாம். சூடா இருக்கும்போது தண்ணியா தான் தெரியும், ஆறினா கெட்டியாகும், அதனால குடுக்கற சூட்டுல தான் பதம் பாக்கணும்.

கேவுருல 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு, அரிசி கோதுமை பக்கத்துலயே வர முடியாது. பால் எடுத்து வடிகட்டினா சக்கையோட கொஞ்சம் சத்து போகத்தான் செய்யும், அது எனக்கும் வருத்தம் தான், சக்கைய தோசை மாவுல சேர்த்து நாங்க சாப்பிட்டுடுவோம். 2023ஐ உலகம் பூரா சிறுதானிய வருஷம்னு கொண்டாடினாங்க, தருமபுரி கிருஷ்ணகிரில எங்க தாத்தா பாட்டிக்கு எல்லா வருஷமும் அது தான்.

இப்ப கொதிக்க கொதிக்க மிக்சில போடற விஷயம். ஆரம்பத்துல ஒரு நாள் கஞ்சி கட்டி தட்டிடுச்சு, மாமாவுக்கு நேரம் ஆகுதேன்னு அவசரத்துல அடுப்புல இருந்து இறக்கின கஞ்சிய அப்படியே ஜார்ல ஊத்தி மூடிய போட்டு சுவிட்ச திருப்பிட்டேன். ஒரு செகண்ட் கூட இல்ல, மூடி டப்புனு தூக்கி அடிச்சு கஞ்சி என் இடது மணிக்கட்டு முழுக்க. கஞ்சி தண்ணி மாதிரி வழிஞ்சு போகாது, ஒட்டிக்கும், ஒட்டின இடத்துலயே வேகும். குழாய்ல இருபது நிமிஷம் கைய காட்டிட்டு நின்னேன், இன்னும் அந்த தழும்பு இருக்கு. சூடான பொருள பிளேடு அடிக்கும்போது உள்ள இருக்கற காத்தும் ஆவியும் ஒரே நேரத்துல பெருகும், போறதுக்கு வழி இல்லன்னா மூடிய தள்ளும். ஆற வெச்சு தான் அடிக்கணும், முடியவே இல்லன்னா ஜார்ல மூணுல ஒரு பங்கு மட்டும், மூடில இருக்கற நடு மூடிய எடுத்துட்டு அது மேல மடிச்ச துணிய வெச்சு, சுவிட்ச்ல இன்ச் பக்கம், அதாவது கைல புடிச்சிருக்கற வரைக்கும் மட்டும் ஓடற பக்கம், விட்டு விட்டு. பசங்க வீட்ல இருந்தா அந்த பக்கமே விடாதீங்க.

அடுத்து தக்காளி. பாலக்கோடு மார்க்கெட் தக்காளி எங்க வீட்டுக்காரர் வேலை முடிஞ்சு வரும்போது ஒரு பை வாங்கிட்டு வருவார், விலை இறங்கின நாள்ல ரெண்டு பை. மாமாவுக்கு காரம் இல்லாத தக்காளி ரசம் மாதிரி கெட்டியா குடுக்கலாம்னு பச்சையா அரைச்சு வடிகட்டி வெச்சேன், கொஞ்ச நேரத்துல அடில சக்கையும் மேல வெளிறின தண்ணியுமா பிரிஞ்சு நிக்குது. அது தான் அவருக்கு கூடவே கூடாத பதம், ஒரே வாய்ல தண்ணியும் கெட்டியும் சேர்ந்து போனா தண்ணி முந்தி ஓடிடும். அப்புறம் தெரிஞ்சுக்கிட்டேன், தக்காளில பெக்டின் இருக்கு, அது தான் கெட்டி குடுக்கறது, பச்சையா நசுக்கினா தக்காளிலயே இருக்கற என்சைம் அந்த பெக்டின தின்னுடும். முழுசா வேக வெச்சு, அப்புறம் ஆற வெச்சு அரைச்சா அந்த என்சைம் செத்துடும், கெட்டி அப்படியே நிக்கும். சாஸ் கம்பெனில கூட இந்த முறை தான். அதே தக்காளி, அதே மிக்சி, முன்ன பின்ன மாத்தினது மட்டும் தான், எவ்ளோ வித்தியாசம்.

இந்த மாதிரி இன்னொண்ணு பப்பாளி. பப்பாளியும் பாலும் அடிச்சா உடனே குடிச்சிடணும், வெச்சா கசக்கும், பப்பாளில இருக்கற பப்பைன் பால் புரதத்த உடைக்குது, அன்னாசியும் அப்படித்தான். மாதுளை வேகமா அடிச்சா விதை நசுங்கி துவர்க்கும், மெதுவா ரெண்டு தடவை இன்ச் விட்டு வடிகட்டணும். சுரைக்காய் ஜூஸ் உடம்புக்கு நல்லதுன்னு காலைல குடிக்கறவங்க ஒரு துண்டு நாக்குல வெச்சு பாத்துட்டு அடிங்க, கசந்தா மொத்தத்தையும் கொட்டிடுங்க, அந்த கசப்பு விஷம், சக்கரை போட்டு குடிச்சிடலாம்னு நெனைக்காதீங்க, ஆஸ்பத்திரில கொண்டு போய் விட்டுடும்.

மோர் மிக்சில அடிக்கறவங்க நிறைய பேர், ரெண்டு இன்ச் போதும், மேல ஓட்டினா வெண்ணெய் திரண்டு வந்துடும். மாமாவுக்கு வெறும் மோர் குடுக்க முடியாது, அதனால ஆறின கேவுரு கஞ்சியோட கெட்டி தயிர், உப்பு, வேக வெச்ச சின்ன வெங்காயம் ரெண்டு, எல்லாம் சேர்த்து அடிச்சு சல்லடைல தேய்ச்சு குடுத்தேன். கூழு மாதிரியே இருக்குன்னு அத்தை சொன்னாங்க. மாமா ஒண்ணும் சொல்லல, முழுசா முடிச்சார்.

இப்ப மாம்பழம். எங்க ஊர பத்தி எழுதிட்டு மாம்பழம் இல்லாம முடியுமா.

மாமாவுக்கு உடம்பு முடியாம போன வருஷமும் தோப்பு காய்ச்சது, யாரும் சரியா கவனிக்காமயே காய்ச்சது. பெங்களூரா லோடு கூழ் பேக்டரிக்கு போச்சு, வெளியூர்ல கிளிமூக்குன்னு சொல்வாங்களே அது தான் பெங்களூரா. எங்க மாவட்டத்துல மாங்கூழ் பேக்டரி நிறைய, இங்க இருந்து டின்ல அடைச்சு வெளிநாடு எல்லாம் போகுது, நாம பெட்டிக்கடைல வாங்கற பாட்டில்லயும் இந்த மாதிரி கூழ் தான் போகுது. அந்த பாட்டில்ல பழ பானம்னு போட 10 சதவீதம் பழம் இருந்தா சட்டப்படி போதும், மீதி தண்ணியும் சக்கரையும். பேக்டரி விலை படுத்துட்ட வருஷம் பறிக்கற கூலி கூட தேறாம மரத்துலயே விட்டதும் உண்டு, அது மாமாவுக்கு பெரிய வேதனை. நான் சொல்ல வர்றது, மாந்தோப்புக்கு பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கற கடைல நம்ம பசங்க அந்த பாட்டில வாங்கி குடிக்கறத பாக்க எனக்கு மனசு ஆறல. வீட்ல மிக்சி இருக்கு, பழம் இருக்கு. கார்பைட் கல்லு போட்டு பழுக்க வெச்சது வேண்டாம், அது தடை பண்ணினது. காயா வாங்கி வைக்கோல்ல போட்டு வெச்சா தானா பழுக்கும், மாமா வீட்ல மூலைல எப்பவும் அந்த வைக்கோல் வாசனை இருக்கும்.

குடிக்கறதுக்கு எந்த பழம்னா என்னோட அனுபவத்துல தனியா ஒண்ணு போடறத விட ரெண்டு சேர்க்கறது தான் சரி. அல்போன்சா மட்டும் போட்டா திகட்டும். செந்தூரா நல்ல இனிப்பு, ஆனா கொஞ்சம் இளக்கமா வரும். பெங்களூரா சதை கெட்டி, லேசா புளிப்பு, அது தான் ஜூஸுக்கு உடம்பு குடுக்கும், அதனால தான் கூழுக்கும் அத எடுக்கறாங்க. பாதி செந்தூரா பாதி பெங்களூரா போட்டா சக்கரையே வேண்டாம். நாட்டு மாம்பழம் வாசனைக்கு அத மிஞ்ச ஒண்ணும் இல்ல, ஆனா நார், பிளேடுல சுத்திக்கும், பிளேட சுத்தி மஞ்சளா நூல் கண்டு மாதிரி நிக்கும், மாமாவுக்கு போட்டா கண்டிப்பா சல்லடைல ரெண்டு தடவை.

சக்கரை பத்தியும் சொல்லிடறேன். பழத்த முழுசா கடிச்சு சாப்பிட்டா அதுல இருக்கற இனிப்பு வேற கணக்கு, ஜூஸாக்கிட்டா உலக சுகாதார நிறுவனம் அதையும் நாம அள்ளி போடற சக்கரையோட சேர்த்து தான் கணக்கு பண்றாங்க. நல்லா இருக்கறவங்க, பல்லு இருக்கறவங்க, பழத்த சாப்பிடுங்க. ஜூஸ் வேணும்னா வடிகட்டாம, சின்ன டம்ளர்ல. மாமாவுக்கு வேற வழி இல்லாததால தான் நான் அடிக்கறேன், அதுவும் மாம்பழம்னா அரை டம்ளர் தான்.

அந்த மொத சீசன்ல நடந்தது. செந்தூரா பெங்களூரா ரெண்டும் போட்டு மிக்சிய மூணாம் நம்பர்ல வெச்சு நல்லா நுரைக்க அடிச்சேன், ஸ்பூன்ல எடுத்து பாத்தேன், சொட்டு சொட்டா தான் விழுந்துச்சு, பதம் சரின்னு கட்டிலுக்கு கொண்டு போனேன். ரெண்டு ஸ்பூன் நல்லா போச்சு. பேசிட்டே கொஞ்சம் நேரம் ஆயிடுச்சு, நுரை அடங்கிடுச்சு, நான் பாக்கல. மூணாவது ஸ்பூன் குடுத்ததும் புரையேறி இருமினார் பாருங்க, கண்ணு ரெண்டும் செவந்து, தண்ணியா கொட்டி, என் கைய இறுக்கி புடிச்சுக்கிட்டார். அத்தை முதுக தடவறாங்க, எனக்கு கை கால் ஓடல. பத்து நிமிஷத்துல சரியாச்சு, ஆனா ரெண்டு நாளைக்கு காய்ச்சல் வருதா வருதான்னு நெத்தில கை வெச்சு பாத்துட்டே இருந்தேன்.

நுரை தான் என்ன ஏமாத்தினது. வேகமா அடிச்சா காத்து உள்ள போகும், காத்து இருக்கற வரைக்கும் கெட்டியா தெரியும், காத்து போனதும் உண்மையான பதம் தண்ணி. அன்னில இருந்து ஒண்ணாம் நம்பர் மட்டும் தான், அடிச்சு பத்து நிமிஷம் வெச்சு, மேல நுரைய எடுத்துட்டு, அப்புறம் தான் பதம் பாக்கறது. ஸ்பூன் மட்டும் நம்பாம ஸ்பீச் தெரபிஸ்ட் சொன்ன சிரிஞ்ச் முறையும் செய்வேன். அவங்களே குடுத்த 10 மில்லி சிரிஞ்ச், ஊசி இல்லாம, உள்ள இருக்கற தண்ட எடுத்துட்டு, கீழ் ஓட்டைய விரலால அடைச்சு 10 மில்லி வரைக்கும் ஜூஸ ஊத்தி, விரல எடுத்து 10 செகண்ட் ஓட விட்டு மறுபடி அடைக்கணும். உள்ள 4ல இருந்து 8 மில்லிக்குள்ள மிச்சம் இருந்தா ஒரு பதம், 8க்கு மேல மிச்சம் இருந்தா அதை விட கெட்டியான அடுத்த பதம். மாமாவுக்கு அப்ப 8க்கு மேல நிக்கணும்னு சொல்லியிருந்தாங்க. ஒவ்வொருத்தருக்கும் இது வேற வேற, உங்க வீட்ல யாருக்காச்சும் இருந்தா அவங்கள பாக்கற தெரபிஸ்ட் சொல்ற பதம் தான் உங்களுக்கு, என்னோடத எடுத்துக்காதீங்க. எச்சில் பட்ட ஸ்பூன டம்ளர்ல திரும்ப திரும்ப விட்டா கஞ்சி இளகிடும், எச்சில் மாவ கரைக்கும், அதனால தனி கிண்ணத்துல கொஞ்சம் கொஞ்சமா எடுத்து குடுக்கணும்.

இருமின நாளுக்கு அப்புறம் மாமா மாம்பழமே வேண்டாம்னு தலைய ஆட்டிட்டார், பயம். நானும் கேக்கல. ஒரு பத்து நாள் கழிச்சு தோப்ப பாத்துக்கறவர் ஒரு கூடை பழம் கொண்டு வந்து திண்ணைல வெச்சிட்டு போனார், எல்லாம் செந்தூரான்னு நெனச்சு நான் எடுத்து ஒண்ணாம் நம்பர்ல அடிச்சு, வடிகட்டி, பதம் பாத்து, ஸ்பூன் நுனில கொஞ்சமா மாமா உதட்டுல வெச்சேன். வாய்ல வெச்சிட்டு கண்ண மூடிக்கிட்டார். தலைய குனிஞ்சு முழுங்கினார், ரெண்டு தடவை முழுங்கணும்னு சொல்லிக் குடுத்தத மறக்காம ரெண்டு தடவை. அப்புறம் குழறி குழறி ஏதோ சொன்னார், எனக்கு புரியல. அத்தை பக்கத்துல வந்து காத வெச்சு கேட்டாங்க. "பீத்தரு" ங்கறார். நான் கூடைய போய் கவுத்து பாத்தேன், செந்தூராவோட நாலு பீத்தர் பழம் கலந்திருந்துச்சு, தெரியாம அதையும் சேர்த்து அரைச்சிருக்கேன். மூணு மாசமா தண்ணி, பாத்ரூம், வலின்னு தவிர வேற வார்த்தை சொல்லாதவர்.

அன்னிக்கு சமையல்கட்டுல ஜார கழுவிட்டே அழுதேன்.

அப்புறம் அதுவே எங்களுக்கு பயிற்சியா ஆயிடுச்சு. சீசன் முடியற வரைக்கும் தினமும் ஒரு பழம், பேர் சொல்லாம குடுப்பேன், மாமா சொல்லணும். காதர், மல்கோவா, பங்கனப்பள்ளி, கடைசில நீலம். ஒரு தடவை கூட தப்பா சொல்லல. பிசியோதெரபி பண்ற தம்பி வீட்டுக்கே வர்றார், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல, 2021 ஆகஸ்ட்ல அந்த திட்டத்த ஆரம்பிச்சதே எங்க மாவட்டத்துல சாமனப்பள்ளில தான். அந்த தம்பியும் ஒரு நாள் உக்காந்து பாத்துட்டு, இத விடாம பண்ணுங்கக்கா, பேச்சும் வரும்னார். வந்துச்சு, முழுசா இல்ல, ஆனா ஆடு தோப்புக்குள்ள வந்துடுச்சுன்னு வாட்ச்மேன போன்ல திட்டற அளவுக்கு.

இப்ப பதம் ஒரு படி இளகிடுச்சு, சிரிஞ்ச்ல 4ல இருந்து 8 போதும்னு சொல்லிட்டாங்க. தண்ணி மட்டும் இன்னும் பவுடர் போட்டு தான். போன வாரம் போச்சம்பள்ளி ஞாயித்துக்கிழமை சந்தைல நல்ல கேவுரு கிடைச்சது, பத்து கிலோ வாங்கி வெச்சிருக்கேன், ஜார் புஷ் மறுபடி லேசா ஆடுது, நாளைக்கு பழையபேட்டை போகணும்.

குடிக்கும்போது நேரா நிமிர்ந்து உக்காரணும், குடிச்சு அரை மணி நேரம் சாயக்கூடாதுன்னு ஆரம்பத்துல தினமும் நாங்க ரெண்டு பேர் சேர்ந்து மாமாவ தூக்கி தலகாணி அண்டக்குடுத்து உக்கார வைப்போம். இப்ப மிக்சி சத்தம் கேட்டா போதும், கட்டில் கம்பிய இடது கைல புடிச்சு தானா எழுந்து நிமிர்ந்து உக்காந்து, தோள்ல இருக்கற துண்ட எடுத்து மடில விரிச்சுக்கறார்.